டிஸ்க்கைக் காட்டேல்லை

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஏ9 வீதி திறந்த பிறகுதான் வன்னிக்குள் கணினிகள் கணிசமாக வரத் தொடங்கின. அதற்கு முன் ரோர்ச் பற்றரிக்கே தடை. கிளிநொச்சியில் வன்னிரெக் என்ற நிறுவனம் கணினிப் பயிற்சி கொடுத்தது. பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இருக்கும் முரசுமோட்டைக்கோ அப்போது மின்சாரம் வரவில்லை. கணினி பார்க்க முதலில் ஜெனரேட்டரை இழுத்து ஸ்டார்ட் பண்ணவேண்டும்.

புது ஹார்ட் டிஸ்க் பூட்டி, கணினி அதைக் காணாவிட்டால், குறை அன்று பெரும்பாலும் கையால் தொடக்கூடிய இடத்தில் இருக்கும். சாம்பல்நிறப் பட்டைக் கேபிளின் சிவப்புக் கரை முதலாம் பின் பக்கம் வரவேண்டும். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் என்றால், நெல்லுமணி அளவான ஜம்பரை இடம் மாற்றி ஒன்றை மாஸ்டர், மற்றதை ஸ்லேவ் ஆக்கவேண்டும். இரண்டும் மாஸ்டராக நின்றால் சில வேளை இரண்டுமே தெரியாது. விரலுக்குள் அகப்படாத அந்த ஜம்பரைக் குறட்டால் பிடுங்கிக் குத்தி, பயோஸில் டிஸ்க்கின் பெயர் விழுந்த பிறகுதான் மூச்சு வரும். அதற்குப் பிறகும் பெரிய டிஸ்க் என்றால், முதலில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி 137 ஜீபிக்கு மேல் காணாது. எண்ணெய் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றால் எல்லாம் முதலிலிருந்து.

பிறகு போர் மீண்டும் மூண்டது. 2008 கடைசியில் குண்டுவீச்சும் எறிகணையும் சனத்தை ஊரைவிட்டுக் கிளப்பின. மேசைக் கணினியைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவது?

இன்று கரண்ட் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. டிஸ்க்கும் 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளத்தில் ஒரு தகடு. ஒரே திருகாணி, ஜம்பர் கிடையாது. ஆனாலும், "அண்ணை, டிஸ்க்கைக் காட்டேல்லை" என்ற பேச்சு ஓயவில்லை. இன்ரெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல மடிக்கணினிகளில் விஎம்டி என்ற அமைப்பின் ஊடாகத்தான் டிஸ்க்கை அடையலாம். அதற்குரிய டிரைவர் விண்டோஸ் நிறுவியில் இல்லையென்றால் பட்டியல் வெறுமையாகக் கிடக்கும். மடிக்கணினி நிறுவனத்தின் தளத்தில் இன்ரெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும். வேலை சின்னன். ஆனால் குறை கண்ணுக்குத் தெரியாததால், நல்ல டிஸ்க்கைப் பழுதென்று ஒதுக்குவது அன்றைவிட இன்று எளிது.

ஆகவே இன்னொரு டிஸ்க்குக்குக் காசு கொடுக்க முன் பயோஸைத் திறந்து பாருங்கள். அங்கே பெயர் இருந்தால் அநேகமாக டிஸ்க்கில் பிழை இல்லை. ஏற்கெனவே விண்டோஸ் ஓடுகிற மெஷினில் மட்டும் விஎம்டியைச் சும்மா நிறுத்திப் பார்க்காதேயுங்கள். அந்த விண்டோஸ் எழும்பாமல் போகலாம்.