கை பட்ட வண்டி

பழைய வண்டி எதுவும் என் பட்டறைக்குள் நுழைந்தால், பானெட்டைத் தூக்கியதும் நான் பார்ப்பது போல்ட் தலைகளைத்தான். இன்ஜினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பழைய அம்பாசடரின் பெட்ரோல் இன்ஜின் இங்கிலாந்து மாரிஸ் வழியில் வந்தது. அதில் எல்லாமே அங்குலக் கணக்கு. 5/16 அங்குல போல்ட்தான் அதிகம், அதற்கு அரை அங்குல ஸ்பானர் பிடிக்கும். அந்த இடத்தில் 13-ஆம் நம்பர் ஸ்பானர் கச்சிதமாக உட்கார்ந்தால், அங்கே வேறு கை பட்டிருக்கிறது. 8 மில்லிமீட்டர் போல்ட்டையும் 5/16 போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணே ஏமாந்துபோகும். தடிமன் கிட்டத்தட்ட ஒன்றுதான், மரைதான் வேறு. 5/16-இல் அங்குலத்துக்கு 24 மரை, 8 மில்லிமீட்டரில் சுமார் 20. இரண்டு சுற்று சமத்தாக உள்ளே போகும், அடுத்த சுற்றில் இறுகும். ‘நல்லா டைட் ஆயிருச்சு’ என்று சந்தோஷமாக ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவார்கள். உண்மையில் போல்ட் பிடிக்கவில்லை, துளையிலிருந்த மரையைத் தின்றுவிட்டு நிற்கிறது. அடுத்த முறை கழற்றும்போது மரை முழுவதும் தூளாகக் கையோடு வரும்.

காரைக்குடியில் பட்டறை வைத்திருக்கிறேன். அம்பாசடர், பத்மினி, எப்போதாவது ஒரு ஹெரால்டு. செட்டிநாட்டு வீடுகளின் கொட்டகையில் வருஷக்கணக்காக நின்ற வண்டிகளும் வரும், கைமாறி கைமாறி ஓடித் தேய்ந்த வண்டிகளும் வரும். கொட்டகையில் நின்ற வண்டி எனக்குப் பிடிக்கும். எலி கடித்திருக்கும், பெட்ரோல் டேங்கில் துரு இருக்கும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது ஓடிய வண்டிக்கு. அதில் நாலு ஓனர், நாலு மெக்கானிக், நாலு அவசரம் சேர்ந்திருக்கும். பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்புக்கு மேல் சுண்ணாம்பு ஏறியிருப்பதுபோல், ஒரு ரிப்பேருக்கு மேல் இன்னொரு ரிப்பேர் ஏறியிருக்கும்.

பரமக்குடியில் ஒரு குடும்பத்திடமிருந்து 1977 மாடல் மார்க் 3 அம்பாசடர் ஒன்றை வாங்கி வந்தார் ஒரு தம்பி. சாப்ட்வேர் வேலை, வண்டி மேல் ஆசை.

“ஹீட் ஆகுதுண்ணே. நாலு மெக்கானிக் பாத்துட்டாங்க.”

“அதான் தம்பி ஹீட் ஆகுது” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

திறந்து பார்த்தால் ரேடியேட்டருக்கு முன்னால் ஏதோ மாருதியிலிருந்து கழற்றிய எலக்ட்ரிக் ஃபேன், கட்டுக்கம்பியால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு ஒயர் பேட்டரியிலிருந்து நேராக. நடுவில் பியூஸ் கிடையாது, ரிலே கிடையாது, டேஷ்போர்டுக்குக் கீழே வீட்டு லைட் சுவிட்ச் ஒன்று. ஒயரைத் தொட்டால் சுட்டது. அந்த ஃபேன் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். பழைய அம்பாசடரின் டைனமோ மொத்தமாகக் கொடுப்பதே 20 ஆம்பியர் சுமாருக்குத்தான், அதுவும் வண்டி வேகமாக ஓடினால். ராத்திரி ஹெட்லைட்டும் ஃபேனும் சேர்ந்து ஓடினால் மிச்சத்தைப் பேட்டரி கொடுக்க வேண்டும். அதனால்தான் பேட்டரி நிற்கவில்லை. அதற்காக முன்னாள் ஓனர் என்ன செய்திருந்தார்? பெரிய பேட்டரி வாங்கிப் போட்டிருந்தார்.

ஃபேன் ஏன் வந்தது என்று பின்னால் போனேன். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தில் தெர்மோஸ்டாட் இல்லை. இது நம் ஊர் வழக்கம். ஹீட் ஆகிறது என்றால் முதல் வைத்தியம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிவது. “நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு சார்?” என்பார்கள். அந்தச் சின்ன வால்வின் வேலை வெயிலைப் பார்ப்பது அல்ல. இன்ஜின் தண்ணீர் 80 டிகிரி சுமாரைத் தொடும்வரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் அடைத்து வைக்கும், அப்புறம் திறந்துவிடும். திறந்த பிறகு அது ஓட்டத்தைக் கொஞ்சம்தான் தடுக்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயில் கசடாகும், உள்ளே தேய்மானம் கூடும். ஆக, தெர்மோஸ்டாட்டைக் கழற்றியும் ஒரு வண்டி கொதிக்கிறதென்றால், நோய் வேறு எங்கோ இருக்கிறது.

இருந்தது ரேடியேட்டரில். மேல் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் மஞ்சள். நிஜ மஞ்சள் தூள். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது பழைய டிரைவர் வித்தை. தூள் ஊறி உப்பி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், ஊர் போய்ச் சேரலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன். நடு ராத்திரி, பக்கத்தில் ஊரே இல்லாத ரோட்டில் நின்றால் நானும் மளிகைக் கடையைத்தான் தேடுவேன். பெட்ரோல் டேங்க் ஒழுகினால் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பதும் இதே ரகம். சோப்பு பெட்ரோலில் கரையாது, பட்டறை வரைக்கும் தாங்கும். கோளாறு எங்கே என்றால், ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அதை யாரும் கழுவுவதில்லை. மஞ்சள் ஓட்டையை மட்டும் அடைக்காது, மெல்லிய குழாய்களையும் அடைக்கும். அதன் மேல் ராமநாதபுரத்துப் போர் தண்ணீர். உப்பு படிந்து படிந்து குழாய்களில் பாதிக்கு மேல் கல்லாகியிருந்தது.

சரி, ரேடியேட்டர்தான் முதலில் ஒழுகியதா? அதுவும் இல்லை. ரேடியேட்டர் பார்ப்பவரிடம் கொடுத்தேன். அவர் மேல் டேங்கைச் சூடு காட்டிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, காற்றழுத்தம் ஏற்றித் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. ஒழுகியது கீழ் ஹோஸ். கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கியிருந்தார்கள். கம்பி ரப்பரை அறுத்து, மயிரிழைக் கீறலில் தண்ணீர் கசிந்து, ரேடியேட்டருக்கு நேர் கீழே சொட்டியிருக்கிறது. பார்த்தவர் ரேடியேட்டர் ஓட்டை என்று முடிவு கட்டி மஞ்சளைப் போட்டார். மஞ்சளால் அடைப்பு, அடைப்பால் கொதிப்பு, கொதிப்புக்கு தெர்மோஸ்டாட் போயிற்று, அதுவும் பலிக்காமல் ஃபேன் வந்தது, ஃபேனுக்காகப் பெரிய பேட்டரி வந்தது. எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு ஹோஸ் கிளிப்.

அந்தத் தம்பி வந்த அன்றே யூடியூப் பார்த்துவிட்டு, “தெர்மோஸ்டாட் வாங்கிட்டு வந்துட்டேன்ணே, இன்னைக்கே போட்டுருங்க” என்று நின்றார். போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடைபட்ட ரேடியேட்டரோடு அந்த வால்வும் சேர்ந்து, இருந்த கொஞ்ச ஓட்டத்தையும் குறைத்திருக்கும். வண்டி இன்னும் சீக்கிரம் கொதித்திருக்கும், பழி புது தெர்மோஸ்டாட் மேல் விழுந்திருக்கும். தப்பான ரிப்பேர் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், அது எந்தக் கோளாறை மறைக்க வந்தது என்று தெரியாமல் அதில் கை வைக்கக் கூடாது. ஹோஸ், கிளிப், ரேடியேட்டர், நல்ல தண்ணீரில் கலந்த கூலண்ட், அப்புறம்தான் தெர்மோஸ்டாட். ஃபேனைக் கடைசியில் கழற்றினேன், கழற்றிய பிறகும் வண்டி கொதிக்கவில்லை.

ஒயரிங்கில் இதைவிடக் கூத்து நடக்கும். இந்த வண்டிகளில் லூகாஸ் நிறக் கணக்கு உண்டு: பிரவுன் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை சாவி போட்டால் உயிர் பெறுவது, பச்சை அதே மின்சாரம் பியூஸைத் தாண்டிய பிறகு, கறுப்பு எர்த். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. நடுவில் திடீரென்று சிவப்பும் மஞ்சளுமாக வீட்டு ஒயர் முளைத்து, முறுக்கிய ஜாயின்ட்டின் மேல் சுற்றிய டேப் வெயிலில் பாகாக வழிந்தால் அங்கே நிற்க வேண்டும். பியூஸ் இடத்தில் சிகரெட் அட்டை ஈயத்தாளும் செம்புக் கம்பியும் நிறையப் பார்த்துவிட்டேன். அதைவிட நுட்பமான தப்பு ஒன்று உண்டு. பழைய லூகாஸ் கண்ணாடி பியூஸில் 35 என்று போட்டிருந்தால், அது உருகும் அளவு 35 ஆம்பியர். விடாமல் தாங்குவது அதில் பாதிதான். இன்றைய 35 ஆம்பியர் பியூஸ் 35-ஐயும் தாங்கும். நம்பரைப் பார்த்து மாற்றினால் பியூஸுக்கு முன்னால் ஒயர் எரியும்.

எர்த் விஷயம் எனக்குப் பிடித்தது. இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் மின்சாரம் ஓடாது. அதனால் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே பின்னல் செம்புப் பட்டை ஒன்று இருக்கும். கிளட்ச் வேலைக்கு இன்ஜினை இறக்குகிறவர்கள் திரும்ப மாட்ட மறக்கிற முதல் சாமான் அதுதான். மறந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும்! ஸ்டார்ட்டர் இழுக்கிற நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் திரும்பிப் போக வழி தேடி சோக் கேபிளிலும் ஆக்சிலரேட்டர் கேபிளிலும் பாயும். அந்த மெல்லிய கம்பி பழுத்து, உறை உருகி ஒட்டிக்கொள்ளும். ‘சோக் கேபிள் அடிக்கடி போகுது சார், டூப்ளிகேட் சாமான்’ என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஸ்டார்ட் பண்ணும்போது சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் கேபிள் மேல் குற்றம் இல்லை. ஒரு ஜம்ப்பர் கேபிளை இன்ஜினிலிருந்து பாடிக்குக் கொடுத்து ஸ்டார்ட் செய்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

பிரேக்கில் மட்டும் நான் யாரையும் மன்னிப்பதில்லை. ஒரு பத்மினி, பிரேக் அடித்தால் வலப்பக்கம் இழுத்தது. இடது முன் சக்கரத்துக்குப் போகும் பைப்பின் யூனியனைக் கழற்றினேன். உள்ளே பளபளவென்று ஒரு பால்ரஸ் குண்டு. சைக்கிள் குண்டு. யூனியனை இறுக்கியதும் அது ஓட்டையில் அழுந்தி உட்கார்ந்து, அந்தச் சக்கரத்துக்கு ஆயில் போகாமல் அடைத்திருக்கிறது. மூன்று சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டு அந்த வண்டி குடும்பத்தோடு எத்தனை வருஷம் ஓடியதோ. ஏன் அடைத்தார்கள்? அந்தச் சக்கரம் ஜாம் ஆகியிருக்கிறது. ஏன் ஜாம் ஆனது? பிரேக் ஆயில் குறைந்தபோது யாரோ இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். பிரேக்கின் ரப்பர் கப்புக்கு அது ஆகாது, ஊறிப் பெருத்துச் சிலிண்டரில் சிக்கிக்கொள்ளும். கப்பை விரலில் எடுத்துப் பார்த்தால் கொழகொழவென்றிருந்தது. இந்த நிலையில் ஒரு சக்கரத்தை மட்டும் சரிசெய்வது ஏமாற்று வேலை. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு சக்கரம் வரை உள்ள ரப்பர் அத்தனையும், ஹோஸ்களும் மாற்றி, பைப் எல்லாம் கழுவியாக வேண்டும்.

பாடி வேலையைப் பற்றி ஒன்றே ஒன்று. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேஸிஸ் கிடையாது, தரையும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடும்தான் வண்டியைத் தாங்குகின்றன. சென்னையில் தயாரான ஹெரால்டுக்குச் சேஸிஸ் உண்டு, பாடி இற்றாலும் நிற்கும். அதனால் அம்பாசடர் வாங்கப் போகிறவர் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் கீழ்ப் பகுதி, சக்கர வளைவு, தரை. காந்தம் நழுவுகிற இடத்தில் தகடு இல்லை, பட்டி இருக்கிறது. விரல் தடிமனுக்குப் பட்டி அப்பி, அதற்கு மேல் கண்ணாடி மாதிரி பெயின்ட் அடித்த வண்டிகளுக்குத்தான் சந்தையில் நல்ல விலை.

முந்தைய கை எல்லாம் மோசமான கை என்று நினைத்துவிடாதீர்கள். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டு, ஒயரையும் அதற்குத் தகுந்த தடிமனில் மாற்றியிருந்தால் நான் அதைத் தொடமாட்டேன். ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டவருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு. ‘கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே வேணும்’ என்று நல்ல மாற்றத்தைப் பிடுங்கச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையே நடக்கும். கார் வாங்கப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்து வண்டிகள் இவை. சாமான் வர வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டைக்கோ கோவை உக்கடத்துக்கோ ஆள் போக வேண்டியிருந்தது. கையில் இருந்ததைக் கொண்டு ஓட்டியவர்களைத் திட்டுவது சுலபம். நான் கழற்றுவதை ஒரு பையில் போட்டு, எங்கே இருந்தது, ஏன் எடுத்தேன் என்று துண்டுச்சீட்டு எழுதி ஓனரிடம் கொடுத்துவிடுவேன். அடுத்த மெக்கானிக் என்னைத் திட்டினாலும் காரணம் தெரிந்து திட்டட்டும்.

ஸ்பானரால் திருத்த முடியாத முந்தைய வேலையும் உண்டு. பெட்ரோல் விலைக்குப் பயந்து எத்தனையோ அம்பாசடர்களில் மட்டடோர் வேனின் டீசல் இன்ஜினை ஏற்றினார்கள். இன்ஜினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்ற வேண்டும். பல வண்டிகளில் ஏற்றவில்லை. 15 வருஷம் தாண்டிய கார்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது இது போய் நிற்கும். 2021-இல் வந்த விண்டேஜ் விதிப்படி 50 வயது தாண்டிய காரை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம், புதிதாகப் பதியும் வண்டிக்கு ‘விஏ’ என்ற எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும். ஆனால் இன்ஜினிலோ பாடியிலோ சேஸிஸிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புத்தகத்தில் பெட்ரோல் என்றிருந்து பானெட்டுக்குள் டீசல் தடதடத்தால், விலை பேசுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன்: “வண்டியை இங்க விட்டுட்டு, முதல்ல புத்தகத்தோட ஆர்.டி.ஓ. ஆபீஸ் போயிட்டு வாங்க சார்.”