உங்களுக்குத் தெரியுமா? சத்தி வீட்டை விற்பதற்கு முன்

● அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பருத்தி விளைந்த நிலத்தில் எழுந்த ஊர் 'சன் சிட்டி'. முதியவர்களுக்காகவே அதைக் கட்டியவர் டெல் வெப். 1960 ஜனவரி 1 அன்று திறந்ததும், முதல் சில நாட்களிலேயே ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தார்கள். வயது வரம்புள்ள குடியிருப்புக்கு அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. 1995-இல் வந்த அந்தச் சட்டப்படி, ஆள் குடியிருக்கும் வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்தில் 55 வயது நிரம்பிய ஒருவராவது இருக்க வேண்டும். நம் நாட்டில் 55 என்பதும் 60 என்பதும் அந்தந்த நிறுவனம் ஒப்பந்தத்தில் எழுதி வைப்பதுதான். அதனால் பூங்காவையும் யோகா அறையையும் பார்ப்பதற்கு முன்னால் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அடுத்த இடம் பார்க்கலாம்.

● தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பில் 10.4 சதவீதம். 2021-க்கான மதிப்பீடு 13.6. 2031-இல் இது 18.2 ஆகும் என்கிறது மத்திய அரசின் புள்ளியியல் அறிக்கை. நமக்கு மேலே கேரளம் இருக்கிறது.

● ரிடையர்மென்ட் ஹோம் என்றதும் இந்தியாவில் முதலில் சொல்லப்படும் ஊர்களில் கோவை ஒன்று. கோவைகேர், நானா நானி, மேலூர் மெடோஸ், தபோவன் என்று வரிசையாகப் பெயர் சொல்லலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, சிறுவாணித் தண்ணீர், பெரிய மருத்துவமனைகள், விமான நிலையம் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோரை இங்கே இழுத்தன. சத்தியமங்கலத்திலிருந்து புளியம்பட்டி, அன்னூர் வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான் என்பதால் சத்தி வீடுகளிலும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. "அப்பா, போய்ப் பாத்துட்டாவது வாங்க" என்று மகன் போனில் சொல்ல, "தோட்டத்த உட்டுப்போட்டு நான் எங்க கண்ணு வர்றது?" என்று அம்மா கேட்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

● இந்தக் குடியிருப்புகள் பலவற்றில் பொதுச் சமையலறை சைவம் மட்டுமே. சிலவற்றில் வீட்டுக்குள்கூடக் கறி சமைக்கக் கூடாது என்ற விதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு இல்லாமல் அறுபது வருடம் ஓட்டாத வீட்டில் இது சின்ன விஷயம் கிடையாது. சைவக்காரர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு: அரிசிம்பருப்பும் கொள்ளுப்பருப்பும் சந்தகையும் அந்தச் சமையல்காரருக்குச் செய்யத் தெரியுமா? பழகாத சமையலை மாதத்துக்கு ஒரு நாள் விருந்தாகச் சாப்பிடுவது வேறு, மூன்று வேளையும் அதையே சாப்பிடுவது வேறு. ஒரு வாரத்துச் சாப்பாட்டுப் பட்டியலைக் கையில் வாங்குங்கள்.

● வாங்கிய வீடு உங்களுக்குப் பின் பிள்ளைக்குத்தான் போகும். ஆனால் பிள்ளைக்கு 40 வயது என்றால், பெரும்பாலான இடங்களில் அவர் அதில் குடியிருக்க முடியாது. வயது வரம்பைத் தாண்டிய யாருக்காவது விற்கலாம், அல்லது வாடகைக்கு விடலாம். வாங்குவோர் வட்டம் சுருங்குவதால் மறுவிற்பனைக்கு நாளாகும். அந்த நாட்களில் பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். காடு கரையைக் கண்ணும் கருத்துமாகக் காத்துப் பழகிய குடும்பங்கள் இந்த வரியைத் தவறவிடக் கூடாது.

● கணவருக்கு 63, மனைவிக்கு 53. தம்பதியில் ஒருவருக்கு வயது நிரம்பியிருந்தால் போதும் என்று பல இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள். மூத்தவர் முதலில் காலமானால் இளையவர் அங்கேயே தொடரலாமா? பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கிறதா? இதை வாய்வார்த்தையாகக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க" என்றுதான் பதில் வரும். எழுத்தில் கேளுங்கள்.

● மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வீட்டில் வைத்துக் கவனிக்கும் வயதான பெற்றோர் நம் ஊரில் நிறைய. அந்தப் பிள்ளைக்கு 35 வயது என்றால், வயது வரம்புள்ள குடியிருப்பில் அவருக்கு இடம் உண்டா என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஆட்டிசம், பெருமூளை வாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவில் விண்ணப்பிக்கலாம். எங்கே குடியிருந்தாலும் இதை முடித்து வைத்துவிடுங்கள்.

● இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆனால் பல குடியிருப்புகள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் முதியவர்களுக்காகவே கட்டப்பட்டவை. படுக்கையில் விழுந்தாலோ, வழி மறந்து அலைய ஆரம்பித்தாலோ, சொந்தச் செலவில் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும்; சில ஒப்பந்தங்களின்படி வேறு இடம் போக வேண்டும். நாம் இடம் மாறுவதே அந்த நாளை நினைத்துத்தான். அதனால் விற்பனைப் பிரிவில் ஒன்று கேளுங்கள்: "இப்போது இங்கே படுக்கையில் இருப்பவர் யாராவது உண்டா? அவரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" அந்தப் பதிலில் நிறைய விளங்கும்.

● காலமானால் வாசலில் வைத்துச் சீர் செய்ய இடம் உண்டா, ஊர்ச்சனம் நூறு பேர் வந்தால் உள்ளே விடுவார்களா? கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள்.

● பணக் கணக்கு. தம்பதிக்குச் சாப்பாடும் பராமரிப்பும் சேர்த்து இன்று மாதம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8 சதவீதம் கூடினால் பத்தாம் ஆண்டு முடிவில் அது ஏறத்தாழ 54,000. பதினைந்தாம் ஆண்டு முடிவில் 79,000-ஐத் தாண்டும். இப்போது வருமானத்தைப் பாருங்கள். தபால் அலுவலகத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் வந்த 8.2 சதவீத வட்டிப்படி அதற்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய், மாதத்துக்கு 20,500. ஐந்து வருடமும் அதே 20,500-தான். அகவிலைப்படி ஏறும் அரசு ஓய்வூதியம் இருப்பவர் வேறு கணக்குப் போடலாம். மல்லிகைத் தோட்டத்தையும் வாழைத் தோட்டத்தையும் குத்தகைக்கு விட்டு வாழ்பவர், கட்டணம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வரை ஏறலாம் என்ற உச்சவரம்பு ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

● உள்ளே போக மூன்று வழி: கிரயம், டெபாசிட், வாடகை. புதிதாகக் கட்டும் வீட்டைக் கிரயமாக வாங்கினால் ரெரா என்னும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் துணைக்கு வரும். வாங்குவோரிடம் வசூலித்ததில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் கட்டுமான நிறுவனம் வைக்க வேண்டும். கட்டுமானக் குறை ஐந்து ஆண்டுக்குள் தெரிந்தால் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். ஆனால் சாப்பாடு, நர்ஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் சேவை. கட்டியவர் ஒருவர், சேவை தருபவர் இன்னொருவர் என்றால் நடுவில் மாட்டிக்கொள்வது குடியிருப்பவர்தான். கட்டுபவர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் வேண்டும் என்று மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதல் சொல்வது இதனால்தான். டெபாசிட் முறையில் போனால், திரும்ப வரும் தொகை எவ்வளவு, எத்தனை நாளில், யார் கையில் என்ற மூன்றையும் எழுதி வாங்க வேண்டும்.

● இந்தக் கேள்வி இப்போது கொங்கு நாட்டில் சூடாக எழுவதற்கு ஒரு கொடிய காரணமும் உண்டு. 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியும் மகனும் கொல்லப்பட்டார்கள். 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கத்தில் தோட்டத்தில் தனியாக இருந்த முதிய தம்பதிக்கும் அதே கதி. அதன் பிறகு சாளையில் தனியாகப் படுக்கும் பெற்றோரை நினைத்துத் தூக்கம் வராமல் இருக்கும் பிள்ளைகளை யார் குறை சொல்வது? ஆனால் பயத்தில் எடுக்கும் முடிவு அவசர முடிவாகிவிடும். தோட்டத்திலிருந்து கோவைக்குப் போவதா என்பதற்கு முன்னால், தோட்டத்திலிருந்து சத்தி டவுனுக்குள் ஒரு வாடகை வீட்டுக்கு வருவதையும் யோசியுங்கள். பண்ணையத்தைப் பகலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பழகிய மருந்துக் கடையும் பழகிய முகங்களும் கைவிட்டுப் போகாது.

● வீட்டிலேயே இருக்க நினைப்பவர்களுக்கு உதவி முன்பைவிட இப்போது அதிகம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. இயன்முறைப் பயிற்சியும் நோய் முற்றியவர்களுக்கான ஆதரவுச் சிகிச்சையும் அதில் உண்டு. ஓய்வூதியர் உயிர்வாழ் சான்றைத் தபால்காரர் மூலம் வீட்டிலிருந்தே கொடுக்கலாம். முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.

● வீட்டை விற்காமலே அதிலிருந்து மாத வருமானம் வாங்கும் தலைகீழ் அடமானக் கடன் (ரிவர்ஸ் மார்ட்கேஜ்) 2007 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. 60 வயது நிரம்பியவர் வங்கியில் வீட்டை வைத்துப் பணம் வாங்கிக்கொண்டு அதே வீட்டில் கடைசி வரை இருக்கலாம். கிடைக்கும் பணத்துக்கு வருமான வரி கிடையாது. சுயமாகச் சம்பாதித்த வீடாக இருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. பூர்வீக வீடு பெருத்த நம் பக்கத்தில் இந்தக் கதவு பலருக்கு அடைத்தே இருக்கிறது.

● தோட்டத்தை விற்றுக் கோவையில் வீடு வாங்கப் போகிறீர்களா? 10,000-க்கு மேல் ஒரு லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகராட்சியின் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. சத்தியமங்கலம் நகராட்சி இந்த வரம்புக்குள்தான் வருகிறது. டவுனுக்குள் இருக்கும் வீட்டை விற்றால் வரி உண்டு. இரண்டு ஆண்டுக்குள் இன்னொரு வீடு வாங்கினால் விலக்குக் கேட்கலாம். டெபாசிட் கட்டித் தங்கும் உரிமையை மட்டும் வாங்கினால் அதை வீடு வாங்கியதாகக் காட்டுவது சிரமம். விற்ற பிறகு ஆடிட்டரிடம் போய்ப் பயனில்லை.

● மகன் மைசூரில் இருக்கிறாரா? திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். புலிகள் காப்பகத்துக்குள் போகும் அந்தச் சாலையில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை. ஆம்புலன்சுக்கு விலக்கு உண்டு, மகனின் காருக்கு இல்லை. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் யார் வருவார் என்று கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

● நியூசிலாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதியோர் குடியிருப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவருக்குத் தனி வழக்கறிஞர் ஒருவர் அதை விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறினால் 15 வேலை நாட்களுக்குள் விலகலாம். நம் ஊரில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சத்தி கோர்ட்டில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டலாம்.

● பல குடியிருப்புகளில் விருந்தினர் அறையோ வாடகை வீடோ கிடைக்கும். ஒரு வாரம் போதாது, அது சுற்றுலா. வாடகைக்கு ஒரு வருடம் இருந்து பாருங்கள். அங்கே ஒரு தீபாவளி வரட்டும், ஒரு காய்ச்சல் வரட்டும், பங்குனியில் பண்ணாரி குண்டத்துக்கு அங்கிருந்து கிளம்பி வந்து பாருங்கள். முக்கியமாக, கை கால் நன்றாக இருக்கும்போதே போய்ப் பாருங்கள். புதிதாக நாலு பேரைப் பழக்கம் பிடிக்க உடம்பில் தெம்பு வேண்டும். அந்த ஒரு வருடமும் சத்தி வீட்டுச் சாவி உங்களிடமே இருக்க வேண்டும்.

● கோவைக்குக் கிளம்பும் முன் "எங்க பேருக்கு எழுதி வெச்சுட்டுப் போயிருங்க" என்று பிள்ளைகள் கேட்பது சகஜம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிலும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது என்பதால் செலவும் குறைவு. எழுதிக் கொடுத்த பின் குடியிருப்பு பிடிக்காமல் திரும்பி வந்தால் எங்கே இறங்குவது? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, கவனிப்பதாக ஏற்றுச் சொத்து வாங்கியவர் கவனிக்கத் தவறினால் அந்த மாற்றத்தைச் செல்லாததாக்க இடம் தருகிறது. ஆனால் அப்படி ஒரு நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும், சொத்தை மீட்டு ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது. வழக்காடும் நிலை வராமல் இருக்க, "ஆயுள் வரை நான் குடியிருப்பேன், என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற இரண்டு வரியையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இன்னும் நல்லது உயில். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டு மனம் நொந்திருப்பவர்கள் கோபிசெட்டிபாளையம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். சத்தி தாலுகா அந்தக் கோட்டத்தில்தான் வருகிறது. வக்கீல் தேவையில்லை.