கணினித் தமிழில் வடிவும் குறியீடும்

நிலாவெளி என்னும் ஊர்ப்பெயரைத் திருகோணமலை மாவட்டத்துச் சிறுவரும் பிழையின்றி எழுதுவர். ஆயினும், பழைய கணினிக் கோப்பொன்றில் அழகுறத் தோன்றும் அப்பெயரைப் படியெடுத்து வேறொரு செயலியில் ஒட்டும்பொழுது, பொருளற்ற எட்டு ஆங்கில எழுத்துக்கள் அவ்விடத்தில் நிற்றலைக் காண்கின்றோம். எழுத்துச் சிதைந்தது என்பர் பலர். உண்மையில் சிதைந்தது யாதுமில்லை. முன்னரும் அங்கிருந்தவை அவ்வாங்கில எழுத்துக்களே. இதனைச் சிறிது ஆராய்வாம்.

கணினி எழுத்தை வடிவாகக் கொள்வதில்லை; எண்ணாகவே கொள்ளும். அவ்வெண்ணுக்குரிய வடிவைத் திரையில் வரைந்து காட்டுவது எழுத்துரு. ஈழத்திலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் நெடுங்காலம் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமைத்துக்கொண்டது. ஆங்கில நெடுங்கணக்கின் ஐந்தாம் எழுத்தாகிய சிறிய 'ஈ'யின் எண் 101. பாமினியில் அவ்வெண் நகரமாகத் தோன்றும். படியெடுக்கும்பொழுது, எழுத்துருவின் பெயரோடு கூடிய படியும் வெறும் எண்வரிசையாகிய படியும் ஒருங்கே வைக்கப்படுதல் உண்டு. ஒட்டும் செயலி பின்னதை மட்டும் ஏற்குமாயின், எழுத்துருவின் பெயர் உதிர்ந்துபோகும். 101 தன் ஆங்கில வடிவையே காட்டும்.

இக்குறையை நீக்க வந்தது ஒருங்குறி எனப்படும் யூனிகோட். 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனித்தொகுதி அமைந்தது. அதன்கண் நகரத்தின் எண் 2984. எந்த எழுத்துருவிற் காட்டினும் அது நகரமேயன்றிப் பிறிதாகாது.

அங்ஙனமாயின், பழைய எண்ணுக்குப் புதிய எண்ணை ஒன்றுக்கொன்றாக மாற்றிவிடின் போதாதோ எனின், போதாது. 'வெ' என்பதனைப் பாமினி, கொம்பு முன்னும் வகரம் பின்னுமாக வைக்கும். ஒருங்குறியோ வகரத்தை முன்வைத்துக் கொம்பைப் பின்வைக்கும். முன்னது கை எழுதும் வரிசை. பின்னது வாய் ஒலிக்கும் வரிசை. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் கண்ட நெறியே. இவ்வேறுபாட்டை அறியாத மாற்றுக்கருவியில் கொம்பு பற்றுக்கோடின்றித் தனித்து நிற்க, நிலாவெளியின் 'வெளி' 'வளி'யாகிவிடும். இடையிடையே வந்த ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்துக்களாய் மாறிப் பொருளிழக்கும்.

இது பொழுதுபோக்கிற்குரிய ஆராய்ச்சியன்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை நிலாவெளிக் கரையையும் தாக்கிற்று. கடல் புகுந்த வீட்டில் தாளேடு தப்புதல் அரிது. அத்தகைய கரையில் ஆலயக் கணக்கும், வாசிகசாலைக் குறிப்பும், மறைந்தோர் நினைவுமலரும் கணினிப்படியாக மட்டுமே எஞ்சுதல் கூடும். அப்படி பாமினியில் இருப்பின், ஊரின் பெயரை ஒருங்குறியில் தட்டித் தேடுவோனுக்கு அஃது அகப்படாது. இருந்தும் இல்லாததாகிய ஏடு அது.

ஓலைச்சுவடியில் புள்ளி இடாமையாலும், காலும் ரகரமும் ஒத்திருந்தமையாலும் பாடங்கள் மயங்கின. சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் பல ஏடுகளை ஒப்புநோக்கியே உண்மைப் பாடங் கண்டனர். நாமும் கோப்புக்களை ஒருங்குறிக்கு மாற்றும்பொழுது மூலத்தை அழியாது காத்தலும், அதன் எழுத்துரு இன்னதெனக் குறித்து வைத்தலும், மாற்றிய படியை மூலத்தோடு வரிக்குவரி ஒப்பிடுதலும் வேண்டும். இவற்றைச் செய்தற்கு மூலத்தைப் படிக்கவல்லார் இன்று நம்மிடையே உளர். அவர் உள்ளபொழுதே செய்தல் நன்று.