பாப்பா வரப் போகிறதா? நாயை விரட்டாதீர்கள்!

வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு பெண் தாய் வீட்டுக்கு வந்து இறங்கியதுமே புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு எழும். "ஏத்தா, புள்ள பொறக்கப் போற வீட்டுல நாய் எதுக்கு? முடி உள்ள போனா புள்ளைக்கு ஆகாது. எங்கயாச்சும் கொண்டுபோயி விட்டுட்டு வரச் சொல்லு" என்று அப்பத்தா ஆரம்பிப்பார். மறு வாரம், அதுவரை வாசலில் காவல் கிடந்த நாய் சாக்கில் கட்டப்பட்டு ஏதாவது ஒரு சந்தை ஓரத்தில் போய்ச் சேரும். பசியோடு தெருத் தெருவாக அலைந்து, கடைசியில் இன்னொருத்தி பெற்ற பிள்ளையைக் கடிக்கும்.

அப்பத்தாவைக் குறை சொல்லிப் பயனில்லை. குழந்தை மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் அதே வீட்டில் நாய்க்கு ஒரு முறையாவது வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆட்டுக் கொட்டகைக்கு நாலடி தள்ளித் தூளி கட்டியிருக்கும். தொப்புளில் வைக்கச் சாம்பல் தயாராக இருக்கும். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதற்குப் பயப்படுவதில்லை, அதுதான் என் வருத்தம்.

நாய் முடி குழந்தையின் வயிற்றில் போய்ச் சுருண்டுகொள்ளும் என்பதெல்லாம் கதை. குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா, இழுப்பு இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், போதும். நாயால் வரக்கூடிய நிஜமான தொல்லைகள் மூன்று: கடி, வயிற்றுப்பூச்சி, உண்ணி. மூன்றுக்கும் வழி உண்டு. மூன்றையும் பிரசவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே முடித்துவிடலாம்.

பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்கு நாயைக் கூட்டிப் போய் வெறிநோய் ஊசி போடுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல் போட வேண்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதையொட்டிப் பல ஊர்களில் இலவச ஊசி முகாம் நடத்துவார்கள், விசாரித்து வையுங்கள். பூச்சி மருந்து எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இது நாயின் சௌகரியத்துக்காக மட்டும் இல்லை. நாயின் மலத்தில் உள்ள உருண்டைப்புழு முட்டை முற்றத்து மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஏழெட்டு மாதத்தில் தவழ ஆரம்பித்து, கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கும் பிள்ளைக்கு அது ஆகாது.

நம் வழக்கத்தில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். அங்குள்ள நாய் பெண்ணைச் சிறு வயதிலிருந்தே அறியும். புகுந்த வீட்டு நாய் அப்படி இல்லை. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, ஒரு நாள் திடீரென்று அழுகிற உருவம் ஒன்று வீட்டுக்குள் வரும். எல்லோர் கவனமும் அதன் மேல் போகும். நாய் மிரளாமல் என்ன செய்யும்? ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்க வரும் மாப்பிள்ளை திரும்பும்போது, குழந்தை போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றை, துவைக்காமல், பையில் வைத்து அனுப்புங்கள். அதை நாய் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டு வைக்கட்டும். குழந்தை வருமுன்பே அதன் வாசனை அந்த வீட்டுக்குப் பழகிவிடும்.

சோறு வைக்கும் இடத்தை மாற்றுவது, அறைக்குள் வராமல் பழக்குவது, சங்கிலி போட்டு நிறுத்துவது, இதையெல்லாம் குழந்தை வருவதற்கு இரண்டு மாதம் முன்பே செய்யுங்கள். குழந்தை வந்த அன்றைக்குச் செய்தால் நாய் கோபத்தைக் குழந்தை மேல்தான் வைக்கும். வீடு வந்து சேரும் நாளில் குழந்தையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு முதலில் நீங்கள் போய் நாயைத் தடவிக் கொடுங்கள். குழந்தையைப் பிறகு, சங்கிலி பிடித்தபடி, தள்ளி நின்று காட்டலாம். எவ்வளவு சாது என்று பேர் வாங்கிய நாயாக இருந்தாலும் குழந்தையோடு தனியே விடக்கூடாது. அடுப்பில் பாலை இறக்கிவிட்டு வரும் ஒரு நிமிஷம் கூட!

இத்தனைக்கும் மீறிக் கடித்துவிட்டால்? சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி எதுவும் வைக்காதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கர்ப்பிணிக்கு இந்த ஊசி ஆகாது என்று சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொண்டே தீர வேண்டும். வெறிநோய் வந்த பிறகு மருந்து இல்லை.

பூனை, ஆடு, மாடு

பூனை விஷயம் கொஞ்சம் வேறு. அதன் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கலாம். கர்ப்ப காலத்தில் முதல் முறையாக அது தொற்றினால் வயிற்றில் உள்ள சிசுவின் கண்ணையும் மூளையையும் பாதிக்கும். அதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. பூனை அசுத்தம் செய்த இடத்தை வீட்டில் வேறு யாராவது தினமும் சுத்தம் செய்யட்டும். புது மலத்தில் உள்ள கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதனால்தான் 'தினமும்' என்கிறேன். கொல்லையில் கீரைப் பாத்தி கொத்துவதும் அதே மண்தான், அதை இந்தப் பத்து மாதம் மற்றவர்களிடம் விடுங்கள். கீரையை மூன்று தண்ணீர் விட்டு அலசுங்கள், கறியை நன்றாக வேக வையுங்கள். குழந்தை பிறந்த பின் பூனையால் ஒரே தொந்தரவு, வெதுவெதுப்பான தூளிக்குள் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்வது! குழந்தை இல்லாத நேரத்தில் தூளியைச் சுருட்டி மேலே போட்டுவிடுங்கள்.

வானம் பார்த்த பூமியான நம் மாவட்டத்தில் ஆடு இல்லாத கிராமத்து வீடு அபூர்வம். ஆடு குட்டி போடும்போது ஓடிப்போய் உதவுவது பெண்களுக்கு வழக்கம். கர்ப்பிணிகள் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆட்டின் பனிக்குடத் தண்ணீரிலும் நஞ்சுக்கொடியிலும் கருவைக் கலைக்கக் கூடிய கிருமிகள் இருக்கலாம். குட்டி செத்துப் பிறந்தால் இன்னும் ஜாக்கிரதை. பால் எதுவானாலும் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.

தொப்புளில் சாணம், சாம்பல், மஞ்சள் வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் முழுசாகப் போகவில்லை. பிறந்து ஒரு வாரத்தில் பால் குடிக்க முடியாமல் வாய் இறுகி, வெட்டி வெட்டி இழுத்துச் செத்த பிள்ளைகளை 'செய்வினை' என்று சொன்ன காலம் உண்டு. அது ரண ஜன்னி. சாணத்திலும் மண்ணிலும் உள்ள கிருமி தொப்புள் வழியே ஏறியது. கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டும், ஆஸ்பத்திரிப் பிரசவத்தைக் கூட்டியும் சிசு ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015ல் அறிவித்தார்கள். மண்ணில் கிருமி அப்படியேதான் இருக்கிறது. ஆகவே ஊசியைத் தவற விடாதீர்கள், தொப்புளில் எதையும் வைக்காதீர்கள். சுத்தமாக, உலர்ந்தபடி விட்டால் அதுவாக விழும்.

"கழுதைப் பாலு, கழுதைப் பாலு" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தால் கதவைச் சாத்துங்கள். ஒரு சங்குக்குக் காசும் போய், காய்ச்சாத பாலால் வயிற்றோட்டமும் வரும். சேனை வைக்கிறோம் என்று தேன், சர்க்கரைத் தண்ணீர் தடவுவதும் வேண்டாம். தேன் ஒரு வயது முடியும் வரை ஆகவே ஆகாது. சீம்பாலைக் கொடுங்கள், ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும். வேனிற்காலத்தில் கூடத் தண்ணீர் வேண்டாம். "தொண்டை காயுமே" என்பார்கள். தாய் நிறையத் தண்ணீர் குடித்தால் பாலிலேயே அது வந்துவிடும்.

இனி காளை. விராலிமலை, கந்தர்வகோட்டைப் பக்கம் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கும் வீடுகளில் அதற்குத் தண்ணீர் காட்டுவதும் தவிடு வைப்பதும் அநேகமாகப் பெண்கள்தான். வாடிவாசலில் ஒருவரையும் நெருங்க விடாத காளை, வீட்டுப் பெண்ணின் முந்தானைக்குப் பின்னால் கன்று போல வரும். நம் ஊர்ப் பெருமைதான். ஆனாலும் ஐந்தாம் மாதத்துக்கு மேல் அதன் கயிற்றை வேறு யாரிடமாவது கொடுங்கள். அது முட்ட வேண்டியதில்லை, ஈ விரட்டத் தலையைத் திருப்பினாலே போதும், வயிற்றில் இடிக்கும்.

காளைக்கு ஒரு கணக்கு, பிள்ளைக்கு?

பருத்திக்கொட்டை இவ்வளவு, உளுந்து இவ்வளவு, பேரீச்சம்பழம் இவ்வளவு என்று காளைச் செலவை விரல் நுனியில் வைத்திருக்கும் ஆண்பிள்ளைகளிடம், "பாப்பாவுக்கு மாதம் எவ்வளவு எடுத்து வைக்கிறீர்கள்?" என்று கேட்டால் சிரிப்பார்கள். "அது பாட்டுக்கு வளரும்!" வளரும்தான். செலவும் கூடவே வளரும்.

ஒரு சின்னக் கணக்கு. டயபர் ஒன்று பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஆறு என்றால் 60 ரூபாய், மாதம் 1,800, வருஷம் 21,600. பழைய வேட்டியையும் அப்பத்தாவின் நூல் புடவையையும் கிழித்து, துவைத்து, வெயிலில் காய வைத்து இரண்டு டஜன் துணி தயார் செய்துவிட்டால், பிரயாணத்துக்கும் ராத்திரிக்கும் மட்டும் டயபர் வாங்கினால் போதும். நாயின் வருஷத்து ஊசிச் செலவு இதில் ஒரு வாரத்துக் காசு கூட இல்லை. மரத்தொட்டில், தள்ளுவண்டி, வாக்கர் எல்லாம் வேண்டாம். வாக்கர் விலை ஒரு பக்கம் இருக்கட்டும், உருண்டோடிப் படியில் விழ வைக்கும் சாமான் அது. நல்ல கொசுவலை ஒன்று வாங்குங்கள். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அரசு தருவதை விடாமல் வாங்குவதும் குடும்பக் கணக்கில் சேர்த்திதான். புதுக்கோட்டையில் 1886ல் பிறந்து, பெண்கள் படிக்காத காலத்தில் மகாராஜா கல்லூரியில் படித்து, 1912ல் சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கிய முத்துலட்சுமி ரெட்டி நம் ஊர்க்காரர். அவர் பெயரில்தான் தமிழ்நாட்டின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடக்கிறது. ரொக்கம் 14,000 ரூபாய், இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம், ஆக 18,000 ரூபாய் என்று 2018ல் உயர்த்தினார்கள். ஏழைக் குடும்பத்துத் தாய்க்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு உண்டு. எந்த மாதத்தில் எவ்வளவு என்ற தவணைகள் மாறி மாறி வந்திருக்கின்றன, கிராம சுகாதார நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் தடைப்படுவது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களால்தான். நாள் தள்ளிப் போனதும் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்து பதிவு எண் வாங்குங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்தான் வேண்டும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஆதாரில் ஓர் எழுத்தும் பாஸ்புக்கில் ஓர் எழுத்துமாக இருந்தால் கல்யாணமான கையோடு திருத்திவிடுங்கள். புகுந்த வீட்டிலிருந்து தாய் வீடு கிளம்பும்போது இரண்டு ஊர் நர்ஸுகளுக்கும் சொல்லுங்கள். பலருக்கு நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

புதுக்கோட்டை டவுனில் 'ராணியார் ஆஸ்பத்திரி' என்றாலே பிரசவம் என்று அர்த்தம். எந்த அரசு ஆஸ்பத்திரியானாலும் சுகப் பிரசவம், சிசேரியன், மருந்து, சாப்பாடு, வீட்டில் கொண்டுவிடும் வண்டி எல்லாம் இலவசம் என்பது 2011லிருந்து நாடு முழுவதற்குமான திட்டம். பிறந்த உடன் போடும் பி.சி.ஜி. முதல் ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி வரை அங்கே காசு கிடையாது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயரை ஒரு வருஷத்துக்குள் சேர்க்கலாம், எண்கணிதம் பார்க்க வேண்டியவர்கள் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்!

கடைசியாக, யாரும் எழுதாத செலவு ஒன்று. "அம்மா பாத்துக்கிருவாங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறோம். ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்து உடைத்து, நாலு காசு பார்த்துக்கொண்டிருந்த அம்மா, பேரப்பிள்ளைக்காக அதை நிறுத்துகிறார். ஆடு மேய்த்தவர் ஆட்டை விற்கிறார். அவர் கைக்கு வந்த வாரக் காசு நின்று போகிறது. வெற்றிலைக்கும் முட்டி வலித் தைலத்துக்கும் மருமகனிடமோ மகனிடமோ கை நீட்ட வேண்டி வருகிறது. ஆயா வைத்தால் சம்பளம் கொடுப்போம் அல்லவா? அம்மாவானாலும் மாமியாரானாலும், மாதம் முதல் தேதி அவர் கையில் ஒரு தொகையை வையுங்கள். "வேணாம்த்தா" என்பார், அப்படியும் வையுங்கள். குழந்தைக்கு இரண்டு வயதானதும் அங்கன்வாடிக்கு அனுப்பினால், பகலில் அவருக்கும் கொஞ்சம் முதுகைச் சாய்க்க நேரம் கிடைக்கும்.

பிரசவத் தேதியைக் காலண்டரில் வட்டமிடும்போது, நாயின் அடுத்த ஊசித் தேதியையும் அதே காலண்டரில் குறித்து வையுங்கள். பிள்ளை பிறந்த அமளியில் அது யாருக்கும் நினைவிருக்காது.