மறுபடி எங்கிருந்து தொடங்குவது?

ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி நிறத்தை மாற்றச் சொல்லிவிட்டால், ஆம்பூர் டேனரிகளில் யாரும் பச்சைத் தோலிலிருந்து மறுபடி தொடங்குவதில்லை. பச்சைத் தோலை ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் போக்குவது முதல் வேலை. பிறகு சுண்ணாம்பில் போட்டு முடி கழற்றி, சதை சீவி, சுண்ணாம்பை நீக்கி, அமிலமும் உப்பும் கலந்த நீரில் பக்குவப்படுத்துகிறார்கள். அதைப் பெரிய டிரம்மில் குரோமிய உப்போடு சுழலவிட்டால் ஈரமும் வெளிர்நீலமுமாக வெளியே வருகிறது. அதற்குப் பெயரே ‘வெட் ப்ளூ’. அதை வேண்டிய தடிமனுக்குச் சீவி, சாயமேற்றி, எண்ணெய் ஊட்டி உலர்த்தினால் ‘கிரஸ்ட்’. மேற்பூச்சு ஏறிய பிறகுதான் அது ஷூவுக்குப் போகிற தோல்.

பளபளப்பு போதாது என்று சொன்னால் மேற்பூச்சை மட்டும் பார்த்தால் போதும். அடி நிறமே வேறு வேண்டும் என்றால் கையிருப்பில் உள்ள வெட் ப்ளூவை எடுத்து அங்கிருந்து நடக்கவேண்டும். எந்த மாற்றத்துக்கு எதுவரை பின்னால் போகவேண்டும் என்பது சூப்பர்வைசருக்கு மனப்பாடம். ஒரு கட்டம் கூடுதலாகப் பின்னால் போனால் தண்ணீரும் ரசாயனமும் நாட்களும் வீண். ஒரு கட்டம் குறைவாகப் போனால் சரக்கு திரும்பி வரும்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் தினமும் இதே கணக்குதான். நாம் தட்டெழுதும் மூல நிரல் அப்படியே இயங்கிவிடாது. சி போன்ற மொழிகளில் ஒவ்வொரு மூலக் கோப்பையும் கம்பைல் செய்து இடைநிலைக் கோப்பாக்கி, எல்லா இடைநிலைக் கோப்புகளையும் இணைத்தால்தான் ஓடக்கூடிய நிரல் கிடைக்கும். லினக்ஸ் கெர்னல் போன்ற ஒன்றில் மூலக் கோப்புகள் பல்லாயிரம். அதில் ஒரே கோப்பில் ஒரு வரியை மாற்றினால் எதையெல்லாம் திரும்பச் செய்யவேண்டும்? இதை மனிதர் நினைவில் விடாமல் கணினியிடமே ஒப்படைக்கும் கருவிகளைத்தான் ‘பில்ட்’ கருவிகள் என்கிறோம். அவற்றுள் மூத்தது ‘மேக்’.

மேக் பிறந்தது 1976 ஏப்ரலில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில். யாக் என்ற புகழ்பெற்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் தன் சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் விதியைத் திட்டிக்கொண்டே நுழைந்தார். நிரலில் இருந்த பிழையை அவர் எப்போதோ திருத்திவிட்டார். திருத்திய கோப்பைக் கம்பைல் செய்ய மறந்துவிட்டதால் பழைய இடைநிலைக் கோப்பே மறுபடி மறுபடி இணைந்திருக்கிறது. சரியாக இருந்த நிரலில் இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுது முழுக்கப் போயிருந்தது. முந்தைய நாள் மாலையில் ஃபெல்ட்மனும் இதே சிக்கலில்தான் மாட்டியிருந்தார். நிரல்களுக்கு இடையிலான சார்புகளைத் தானே ஆராய்ந்து கண்டுபிடிக்கும் பெரிய கருவி ஒன்றைத்தான் முதலில் அவர்கள் நினைத்தார்கள். அது சுருங்கிச் சுருங்கி எளிய ஒன்றாகி, அந்த வார இறுதியிலேயே மேக் ஆக உருவெடுத்தது. இதற்காக 2003ஆம் ஆண்டுக்கான ஏசிஎம் மென்பொருள் அமைப்பு விருது ஃபெல்ட்மனுக்குக் கிடைத்தது.

மேக்கைக் கற்றுக்கொள்வதற்கு சி நிரல்தான் வேண்டும் என்பதில்லை. நம் பகுதியிலேயே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் உறுதிசெய்தது. அதன் பிறகு பாலாற்றங்கரைத் தோல் பகுதியில் கழிவுநீரை அளப்பது தவிர்க்க முடியாத வேலை. ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கரைந்த திடப்பொருள் அளவை நாள்தோறும் ஒரு கோப்பில் குறிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு சின்ன பைத்தான் நிரல் அந்த அளவீட்டை வரைபடமாக்குகிறது. வரைபடத்தில் லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்ற வரம்புக்குச் சிவப்புக் கோடு. வரைபடத்தையும் விளக்க உரையையும் சேர்த்து மாத அறிக்கை பிடிஎஃப் ஆகிறது. இதற்காக மேக் படிக்கும் ‘மேக்ஃபைல்’ என்ற விதிக் கோப்பு இவ்வளவுதான்:

அறிக்கை.பிடிஎஃப்: அறிக்கை.டெக்ஸ் வரைபடம்.பிஎன்ஜி
	பிடிஎஃப்லேடெக் அறிக்கை.டெக்ஸ்

வரைபடம்.பிஎன்ஜி: அளவீடு.சிஎஸ்வி வரை.பை
	பைத்தான்3 வரை.பை

(இங்கே எல்லாம் தமிழ் எழுத்தில் அச்சாகியிருக்கிறது. கணினியில் கட்டளையையும் புள்ளிக்குப் பின்வரும் கோப்பு வகையையும் ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும். கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் லினக்ஸில் மேக் அதைப் பொருட்படுத்தாது. பெயருக்கு நடுவில் இடைவெளி விட்டால்தான் தகராறு.)

முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் நமக்கு வேண்டிய கோப்பு, வலப்பக்கம் அதற்குத் தேவையானவை, அடுத்த வரியில் செய்முறை. இந்த மேக்ஃபைல் இருக்கும் கோப்புறையில் ‘மேக்’ என்று தட்டினால் அது முதல் விதியின் இலக்கான அறிக்கையை எடுத்துக்கொள்ளும். அறிக்கைக்கு வரைபடம் வேண்டும், வரைபடத்துக்கு அளவீடும் வரை.பை நிரலும் வேண்டும் என்று அடிவரை இறங்கிப் பார்க்கும். கீழிருந்து ஏறிவரும்போது ஒவ்வோர் இலக்கிலும் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த இலக்கு இல்லையா, அல்லது இது சார்ந்திருக்கும் ஏதாவது ஒன்று இதைவிடப் புதியதா? ஆம் என்றால் செய்முறையை ஓட்டும். இல்லை என்றால் தொடாது. விளக்க உரையில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால் பிடிஎஃப் மட்டும் புதிதாகும், வரைபடத்தை யாரும் மறுபடி வரையமாட்டார்கள். எதுவுமே மாறவில்லையா, அறிக்கை நடப்பில்தான் இருக்கிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டு மேக் ஒதுங்கிக்கொள்ளும்.

செய்முறை வரி டேப் எழுத்தோடு தொடங்கவேண்டும். எட்டு இடைவெளி விட்டால் கண்ணுக்கு டேப் போலவே தெரியும், ஆனால் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று சொல்லி மேக் நின்றுவிடும். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் புதிதாக வருகிறவர்களை அழவைக்கும் வரி இது. இதற்கு ஆழமான காரணம் எதுவும் கிடையாது. அவசரத்தில் ஃபெல்ட்மன் வைத்த ஏற்பாடு அது. சில வாரங்களில் ஏறக்குறைய ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அவர் அதை மாற்றாமல் விட்டார். பன்னிரண்டு பேர் முகத்துக்காக விட்டதை உலகமே இன்றுவரை சுமக்கிறது. ஜாவா உலகில் 2000-இல் தனியாக வெளிவந்த ‘ஆன்ட்’ கருவி பிறந்ததற்கு இந்த டேப் எரிச்சலும் ஒரு காரணம் என்று அதன் கையேடே சொல்கிறது.

டேப் பிழையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன், அது உடனே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். மேக்கில் பயப்படவேண்டியது சத்தம் போடாத பிழைக்கு. மேலே உள்ள இரண்டாம் விதியில் வலப்பக்கம் அளவீட்டை மட்டும் எழுதி, வரை.பை என்பதை விட்டுவிட்டோம் என்று வையுங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும். ஒருநாள் வரம்பு மாறி, நிரலைத் திறந்து சிவப்புக் கோட்டை வேறு எண்ணுக்கு நகர்த்துகிறோம். அளவீடு மாறவில்லையே, ஆகவே வரைபடம் நடப்பில்தான் இருக்கிறது என்று மேக் முடிவு கட்டிவிடும். பழைய கோட்டோடு அறிக்கை வெளியே போகும். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம் சொல்லாத சார்பு அதற்குத் தெரியாது. மேக்ஃபைல் எழுதுவதில் பாதி வேலை செய்முறை எழுதுவது, மீதிப் பாதி எது எதைச் சார்ந்தது என்று ஒன்றுவிடாமல் ஒப்புக்கொள்வது. இரண்டாவதுதான் கடினம். சி, சி++ நிரல்களில் இந்தப் பட்டியலைக் கையால் எழுதவே கூடாது என்பேன். கம்பைல் செய்யும்போதே எந்தெந்தக் கோப்பைப் படித்தேன் என்று ஜிசிசி கம்பைலரே எழுதித் தரும், அதை மேக்ஃபைலில் இழுத்துக்கொண்டால் போதும்.

லினக்ஸ் மென்பொருள்களைத் தமிழாக்கிய தன்னார்வலர்களும் இந்த வலையில் சிக்கக்கூடியவர்களே. மொழிபெயர்ப்பு ‘பிஓ’ என்ற உரைக் கோப்பில் இருக்கும். திரையில் மெனுவைக் காட்டும் நிரல் படிப்பதோ அதிலிருந்து உருவாக்கிய ‘எம்ஓ’ கோப்பை. பிஓவில் சொல்லைத் திருத்திவிட்டு எம்ஓவை மறுபடி உருவாக்காமல் விட்டால் திரையில் பழைய சொல்லே வந்து நிற்கும். மொழிபெயர்த்தவர் தன் கண்ணையே சந்தேகப்படுவார். ஸ்டீவ் ஜான்சன் திட்டிக்கொண்டு வந்ததும் இதே வகைச் சிக்கலில்தான்.

சார்புகளைச் சரியாக எழுதிவிட்டால் இன்னொரு லாபமும் உண்டு. ஷூவின் மேல்பகுதியான ‘அப்பர்’ ஒரு பக்கம் தைக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே சோல் வேறொரு பக்கம் தயாராகிவிடும். இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல, ஒன்றாகச் சேர்க்கும் இடத்தில்தான் சந்திக்கவேண்டும். மேக்கிடம் ‘-ஜே8’ என்று சொன்னால், சார்பில்லாத எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும். எத்தனை கோர் கொண்ட கணினியாக இருந்தாலும், ஒன்றன்பின் ஒன்றாகவே நடந்தாகவேண்டிய மிக நீண்ட சங்கிலிக்கு ஆகும் நேரத்தைவிடச் சீக்கிரம் முடியாது. அதோடு, சொல்லாமல் விட்ட சார்பு ஏதாவது இருந்தால் இந்த ‘-ஜே’ போட்ட பிறகு வெளிப்படலாம். பத்து முறை சரியாக ஓடியது பதினோராவது முறை உடையும்.

மேக்கின் இன்னொரு பலவீனம் கடிகாரம். எது புதியது என்பதைக் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை வைத்தே அது முடிவுசெய்கிறது. உள்ளடக்கம் அப்படியே இருந்து நேரம் மட்டும் மாறினாலும் வேலையைத் திரும்பச் செய்யும். கோப்புகள் வேறொரு சர்வரில் இருந்து, இரண்டு கணினிகளின் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் குழம்பிப்போகும். இதனால்தான் பின்னால் வந்த சில கருவிகள் நேரத்தைவிட உள்ளடக்கத்தை நம்புகின்றன. அப்படி ஒரு கருவியைக் கூகுள் தனக்குள்ளே பயன்படுத்திவந்தது; அதை 2015-இல் ‘பேசெல்’ என்ற பெயரில் திறந்த மூலமாக வெளியிட்டது. அது ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் கைரேகை போன்ற ஒரு ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வேலையையும் தனி அறைக்குள் அடைத்து, அறிவித்த கோப்புகளை மட்டும் உள்ளே விடவும் முயலும். அறிவிக்காத கோப்பைத் தேடினால் கிடைக்காமல் வேலை அங்கேயே நின்றுவிடும். மறைந்திருக்கும் சார்பைப் பிடிக்க எனக்குத் தெரிந்து இதைவிட நேரான வழி இல்லை. ஆனால் மூன்று கோப்பு கொண்ட வேலைக்கு பேசெலை நிறுவுவது அநாவசியம்.

தொடங்குகிறவர் உபுண்டுவில் ‘பில்ட்-எசென்ஷியல்’ தொகுப்பை நிறுவினால் ஜிசிசியோடு ஜிஎன்யு மேக்கும் வந்துவிடும். முதல் வேலையாக, இப்போது கையால் மூன்று நான்கு கட்டளை தட்டிச் செய்யும் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி ப்ராஜெக்ட் அறிக்கையே போதும். எழுதி முடித்ததும் ‘மேக் -என்’ என்று தட்டினால், எதையும் செய்யாமல் என்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் அச்சிடும். பிறகு ஒரு கோப்பை ‘டச்’ கட்டளையால் தொட்டுவிட்டு மறுபடி ‘-என்’ போட்டுப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்த்த வரிகள் மட்டும் வந்தால் சார்புகள் சரி. மேக் உருவாக்கிய கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க ‘கிளீன்’ என்று ஓர் இலக்கு வைப்பது வழக்கம். சந்தேகம் வரும்போதெல்லாம் ‘கிளீன்’ போடுகிற ஆள் தன் மேக்ஃபைலை நம்பவில்லை என்று அர்த்தம்.

ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேக்கைப் பார்க்கவே மாட்டார்கள், அவர்களுக்கு வாய்ப்பது கிரேடில். முதல் முறை அது இணையத்திலிருந்து நூலகங்களை இறக்கிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருக்கும். அடுத்த முறை பல வரிகளின் முடிவில் ‘அப்-டு-டேட்’ என்று எழுதிக்கொண்டு வேகமாக ஓடும். எதையும் மாற்றாமலேயே ஓட்டியும் ஒரு வரியில் அந்தச் சொல் வரவில்லை என்றால், அந்த வேலையின் உள்ளீடு ஒவ்வொரு முறையும் ஏன் மாறுகிறது என்று தேடவேண்டும். பல சமயம், இன்றைய தேதியையும் நேரத்தையும் செயலிக்குள் பொறிக்கச் சொல்லி யாரோ எழுதிவைத்த ஒரு வரி அங்கே இருக்கும்.