பொம்மைப் படைக்கு ஒரு பட்ஜெட்: எந்தக் கம்பெனி வீரன் உண்மையில மலிவு?

எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசுற இடத்துல இன்னைக்குப் பொம்மை வீரர்கள். லண்டன்ல இருக்குற நம்ம சேனல் நண்பர் ஒருத்தரோட பையனுக்கு 15 வயசு. 1815-ல் நடந்த வாட்டர்லூ போரை மேஜை மேல நடத்திப் பாக்கணும்னு குட்டி வீரர்களைச் சேர்க்க ஆரம்பிச்சிருக்கான். பாக்கெட் மணி, பிறந்தநாள் பணம் எல்லாம் அதுக்கே போகுது. கையில மிச்சம் 150 பவுண்ட். "எந்தக் கம்பெனி வாங்குறது? பின்னாடி விலை ஏறுமா?"ன்னு அப்பா கேக்குறார். இது ரெண்டு தனித்தனிக் கேள்வி. முதல்ல செலவைப் பாக்கலாம்.

பெட்டி விலையை வீரர் எண்ணிக்கையால வகுத்து, எது கம்மின்னு பாக்குறதுதான் எல்லாரும் போடுற கணக்கு. அது பாதிக் கணக்குதான். ஏன்னா ஆட்டத்துல வீரன் தனியா நிக்க மாட்டான், ஒரு அணியா நிப்பான். ஒரு பட்டாலியனுக்கு 24 பேர்னு வெச்சுக்குவோம். விலை கடைக்குக் கடை மாறும். புரியுறதுக்காக, 60 பேர் உள்ள பெட்டி 36 பவுண்ட், 40 பேர் உள்ள பெட்டி 28 பவுண்டுன்னு எடுத்துக்கலாம். முதலாவதுல தலைக்கு 60 பென்ஸ், அடுத்ததுல 70 பென்ஸ். பெரிய பெட்டிதான் லாபம்னு தோணும். ஆனா 60-ல் ரெண்டு பட்டாலியன் போக 12 பேர் மிச்சம். அணி ஒண்ணுக்கு 18 பவுண்ட். சின்னப் பெட்டி ரெண்டு வாங்கினா 80 பேர், மூணு பட்டாலியன், மிச்சம் 8. அணி ஒண்ணுக்கு 18 பவுண்ட் 67 பென்ஸ். வித்தியாசம் ஒரு பவுண்ட் கூட இல்ல! அதே சின்னப் பெட்டியை ஒண்ணே ஒண்ணு வாங்கினா அணிக்கு 28 பவுண்ட் ஆயிடும். எத்தனை அணி வேணும்னு முடிவு பண்ணாம பெட்டியைத் தொடாதீங்க.

சரி, கம்பெனிக்கு வருவோம். "28 மி.மீ."ன்னு பெட்டியில போட்டிருந்தா எல்லாம் ஒரே உயரம்னு நினைக்காதீங்க. பலர் பாதத்துல இருந்து கண் வரைக்கும் அளக்குறாங்க, சிலர் உச்சந்தலை வரைக்கும். இங்கிலாந்து நாட்டிங்ஹாமைச் சேர்ந்த பெரி சகோதரர்களோட வீரர்கள் ஒல்லியா, நிஜ மனுஷ அளவுல இருப்பாங்க. விக்ட்ரிக்ஸ் நெப்போலியன் காலத்து வீரர்கள் கொஞ்சம் பெரிசு. கை, தலை தனித்தனி. விதவிதமா ஒட்டலாம், ஆனா நேரம் தின்னும். வார்லார்ட் கேம்ஸ் வீரர்கள் கொஞ்சம் கனத்த உருவம். வேற வேற அணியா நிறுத்தினா கண்ணுக்கு உறுத்தாது. ஒரே வரிசையில கலந்தா உறுத்தும், அப்புறம் மறுபடி வாங்கத் தோணும். அதுதான் நிஜ நஷ்டம்.

ஏர்ஃபிக்ஸ், இட்டாலெரி மாதிரி 1/72 அளவு மென்பிளாஸ்டிக் பெட்டிகள் ரொம்பவே மலிவு. 48 பேர் 10 பவுண்டுன்னா தலைக்கு 21 பென்ஸ்தானேன்னு கேப்பீங்க. ஆனா அதுல தவழ்ற ஆள், அடிபட்டு விழுற ஆள்னு வரிசையில நிறுத்த முடியாதவங்களும் இருப்பாங்க. அந்தப் பிளாஸ்டிக்ல பெயிண்ட் ஒழுங்கா பிடிக்காது; முதல்ல சோப்புத் தண்ணியில கழுவணும், அப்படியும் வளைஞ்சா உரியும். ஆனா முதல் முறையா பிரஷ் பிடிக்கிற பையனுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கெட்டாலும் கவலை இல்ல.

உலோக வீரர் தலைக்கு ரெண்டு பவுண்டுன்னா ஒரு பட்டாலியன் 48 பவுண்ட். ஏன் இவ்வளவு? பிளாஸ்டிக்குக்கு உலோக அச்சு செய்யத்தான் பெரிய பணம். அச்சு வந்துட்டா அடுத்தடுத்த வீரனுக்கு அடக்கம் ரொம்பக் குறைவு. உலோகத்துக்கு ரப்பர் அச்சே போதும், அது மலிவு. ஆனா ஒவ்வொரு வீரனுக்கும் உலோகமும் கைவேலையும் போகும். அதனாலதான் நிறைய விக்கிற பிரெஞ்சு, பிரிட்டிஷ் காலாட்படை பிளாஸ்டிக்ல கிடைக்குது, யாரும் அதிகம் கேக்காத படைப்பிரிவு உலோகத்துல மட்டும் வருது. சிப்பாய்களைப் பிளாஸ்டிக்ல வாங்கிட்டு, தளபதியை மட்டும் அதே கம்பெனி உலோகத்துல வாங்குறது நல்ல வழி. பெரி ரெண்டும் செய்றதால அளவு ஒத்துப்போகும்.

இன்னொரு பொறி, தொப்பி. விக்ட்ரிக்ஸ்ல பிரிட்டிஷ் காலாட்படைக்கு ஸ்பெயின் போருக்கு ஒரு பெட்டி, வாட்டர்லூவுக்கு வேற பெட்டி. முன்னதுல நேரா உயர்ந்த குழாய்த் தொப்பி. பின்னதுல முன்பக்கம் தூக்கின தொப்பி. அவசரத்துல மாத்தி வாங்கினா காசு போச்சு. பெயிண்ட், பிரஷ், அடித்தட்டு, பசைக்கும் ஒதுக்கணும். 150-ல் 100-க்கு மேல பெட்டிக்குப் போகக் கூடாதுங்கறது என் கருத்து. ஒரு வீரனுக்கு அரை மணி நேரம்னா, 24 பேருக்கு 12 மணி நேரம். முதல் அணியை முடிச்சிட்டு அடுத்த பெட்டி வாங்கட்டும். பெயிண்ட் அடிக்காம குவிஞ்சு கிடக்குற பொம்மைகளை அங்க "ஈய மலை"ன்னே கிண்டல் பண்றாங்க.

இப்ப விலை ஏறுமாங்கற கேள்வி. பழைய பிரிட்டன்ஸ் பொம்மைகளைக் காட்டித்தான் பலரும் ஆமாம்னு சொல்றாங்க. 1893-ல் வில்லியம் பிரிட்டன் உள்ளே கூடா இருக்குற ஈய வீரனை வார்த்தார்: உருகின உலோகத்தை அச்சுல ஊத்தி, ஓரம் உறைஞ்சதும் மிச்சத்தைக் கவிழ்த்துடணும். ஈயம் கம்மி, எடை கம்மி, விலையும் கம்மி. கெட்டி ஈயத்துல செஞ்ச ஜெர்மன் பொம்மைகளால போட்டி போட முடியல. 1966-ல் ஈய வீரர்கள் உற்பத்தி நின்னுது. பழசு இனி வராது. அதுலயும் அசல் பெட்டி, அசல் பெயிண்ட் இருந்தாத்தான் மதிப்பு. மறுபடி பெயிண்ட் அடிச்சா விலை விழும்.

பையன் வாங்குற பிளாஸ்டிக் வீரன் கதை வேற. அச்சு கம்பெனிகிட்ட பத்திரமா இருக்கு. தேவைப்பட்டா அடுத்த மாசமே இன்னொரு லோடு அடிப்பாங்க. தட்டுப்பாடே இல்லாத பொருளுக்கு விலை எங்கிருந்து ஏறும்? சினிமா டிக்கெட் மாதிரி பொழுதுபோக்குக் கணக்குல எழுதுங்க. பிரிட்டன்ஸ் பழைய பெட்டியை ஏலத்துல வாங்கும்போது கமிஷன் எவ்வளவு போகும்னு வர்ற ஞாயித்துக்கிழமை வீடியோல பாக்கலாம்.