ஆரோக்கியவரம்: கிருபையும் பொறுப்பும்

நம் சங்கத்தின் கிறிஸ்துமஸ் மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவினர் கேட்டபோது, "பிரசங்கம் மட்டும் வேண்டாம் சார், எல்லோரும் படிக்கும்படி இருக்கட்டும்" என்று ஒரு நிபந்தனையும் விதித்தார்கள். நியாயமான நிபந்தனைதான். சித்தூரிலும் திருப்பதியிலும் இந்த இதழைப் படிக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை ஏழுமலையானை வணங்கும் குடும்பங்கள். எனக்கும் பிரசங்கம் செய்ய வராது. டிப்ளமா முடித்து, ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். எனவே நமக்குப் பக்கத்தில் உள்ள ஓர் இடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பாகாலாவிலிருந்து தர்மாவரம் போகும் பாதையில் பீலேர், வாயல்பாடு தாண்டினால் மதனப்பள்ளி ரோடு ஸ்டேஷன் வரும். ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நல்ல தூரம். அந்த மதனப்பள்ளிக்கு வெளியே இருக்கிறது ஆரோக்கியவரம். 2022-ல் மாவட்டங்களைப் பிரிக்கும் வரை இது நம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இடமாகத்தான் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். வறண்ட, சுத்தமான காற்று. அந்தக் காற்றுக்காகத்தான் அங்கே காசநோய் சானடோரியம் கட்டினார்கள். 1912-ல் பணி தொடங்கியது. 1915-ல் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. அதன் முழுப்பெயர் யூனியன் மிஷன் காசநோய் சானடோரியம்.

'யூனியன்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் மிஷன்கள் ஒன்றோடொன்று அவ்வளவு எளிதில் சேராது. ஒரு சபையார் இன்னொரு சபையாரின் நற்கருணையில் பங்கு பெறக்கூடத் தயங்கிய காலம். ஆனால் காசநோய் மருத்துவமனை என்று வந்தபோது தனித்தனியாக நடத்த யாருக்கும் சக்தியில்லை. மதனப்பள்ளியில் பணிபுரிந்த அமெரிக்க ஆற்காடு மிஷன் மருத்துவர் லூயிசா ஹார்ட் முயற்சி எடுத்தவர்களில் ஒருவர். முதல் தலைமை மருத்துவராக வந்தவரோ டென்மார்க் நாட்டு மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோல்லர். (இந்த டேனிஷ் மிஷன் வழிவந்த சபைக்கும் ஆற்காடு லுத்தரன் சபை என்றுதான் பெயர். இரண்டு ஆற்காடுகளையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. நானே வெகுகாலம் ஒன்றென்றே நினைத்திருந்தேன்.) சபைகள் சில ஒன்றாகி தென்னிந்தியத் திருச்சபை ஆனது 1947 செப்டம்பரில்தான். அந்த இணைப்பிலும் லுத்தரன் சபை சேரவில்லை. ஆக, சபைகள் சேருவதற்கு 35 ஆண்டுகள் முன்பே நோயாளிகள் அவர்களைச் சேர்த்து வைத்துவிட்டார்கள்.

அந்நாளில் காசநோய் என்றால் என்ன என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1882-லேயே ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். கிருமியைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1943-ல். இடையில் 60 ஆண்டுகள், எதனால் வருகிறது என்று தெரியும், மருந்து கிடையாது. சானடோரியத்தில் கொடுக்க முடிந்தது ஓய்வு, காற்று, சத்தான சாப்பாடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டப்படும் உடற்பயிற்சி, சிலருக்கு நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுக்கும் சிகிச்சை. வீட்டிலே என்ன நடந்தது என்பது நம் பாட்டிமாருக்குத் தெரியும். தனித் தட்டு, தனித் திண்ணை, வரன் பேசும்போது மறைக்க வேண்டிய சங்கதி. அப்படி ஒதுக்கப்பட்டவரை வாருங்கள் என்று ஏற்றுக்கொண்ட இடம் ஆரோக்கியவரம்.

இதைத்தான் எங்கள் வழக்கில் கிருபை என்கிறோம். நீங்கள் அருள் என்பீர்கள். பெறுகிறவனின் தகுதியைப் பாராமல் கொடுக்கப்படுவது. ஆனால் சானடோரியத்தில் நோயாளிக்கும் வேலை உண்டு. கண்ட இடத்தில் துப்பக்கூடாது, இருமும்போது வாயை மூட வேண்டும், மணி அடித்தால் படுக்க வேண்டும், வீடு திரும்பினாலும் அந்தப் பழக்கங்களை விடக்கூடாது. கிருபையைப் பெற்றவன் பக்கத்துப் படுக்கைக்காரனுக்குப் பொறுப்பாளி ஆகிறான். இரண்டையும் பிரித்தால் அந்த வார்டு நடக்காது.

நல்ல சமாரியன் கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். கள்ளர் கையில் அடிபட்டுக் கிடந்தவனை, பெரிய மனிதர்கள் விலகிப்போக, அந்நிய ஜாதியான் ஒருவன் எடுத்து, காயங்களைக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்க்கிறான். கோயில்களில் பெரும்பாலும் கதையை இங்கே நிறுத்திவிடுகிறோம். அதற்குப் பிறகு ஒரு சிறு பகுதி உண்டு. அவன் மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்கிறான். அதாவது, திரும்பி வருவதாக வாக்குக் கொடுக்கிறான். இந்தப் பகுதி எனக்கு ஏன் மனதில் நிற்கிறது என்றால், நான் இதில் தவறியவன்.

1986 என்று நினைவு. பாகாலா - தர்மாவரம் பாதை அப்போது மீட்டர் கேஜ். நான் இளநிலை பெர்மனென்ட் வே இன்ஸ்பெக்டர். என் செக்ஷனில் ஒரு கேங்மேன், முப்பது வயதுதான் இருக்கும், இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருந்தான். ஸ்லீப்பர் தூக்கும்போது மூச்சு வாங்கியது. மற்ற கேங்மேன்கள் அவனோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள் சளியில் இரத்தம். நானே டிராலியில் ஏற்றி, பிறகு ரயிலில் கூட்டிக்கொண்டுபோய் மருத்துவமனையில் சேர்த்தேன். செலவுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். அந்த ஞாயிறு கோயிலில் சாட்சி சொல்லாத குறைதான், மனம் அவ்வளவு நிறைந்திருந்தது.

அதோடு சரி. அவன் மாத்திரைகளோடு வீடு திரும்பினான் என்று கேள்விப்பட்டேன். அப்போது ஓராண்டுக்கு மேல் மருந்து சாப்பிட வேண்டும். எனக்கு வேறு செக்ஷனுக்கு மாறுதல் வந்தது. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் அவன் மருந்தை நிறுத்திவிட்டான். காசநோயின் சூழ்ச்சியே அதுதான். கிருமிகளில் பெரும்பகுதி சீக்கிரம் சாகும், உடம்பு தேறிவிட்டதுபோல் தோன்றும், மீதியுள்ள சில கிருமிகள் காத்திருக்கும். பாதியில் விட்டவனிடம் அவை மருந்துக்கு அடங்காதவையாகத் திரும்பலாம். மறு ஆண்டு நோய் திரும்பியது. அடுத்த மழைக்காலத்தில் அவன் இறந்துவிட்டான். துக்கம் கேட்கப் போனேன். அவன் மனைவி அழவில்லை. "நீங்க ஒரு தடவை வந்து சொல்லியிருந்தா கேட்டிருப்பாரு சார்" என்று தெலுங்கில் சொன்னாள். என் செக்ஷனில் ஒவ்வொரு மைலையும் தினமும் நடந்து பார்க்க ஆள் வைத்திருந்தவன் நான். அந்த ஒரு வீட்டுக்கு ஒரு நடை போகவில்லை.

ஆரோக்கியவரத்தின் கதையை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அங்கே முதல் இந்தியத் தலைமை மருத்துவரான டாக்டர் பி.வி. பெஞ்சமின், சுதந்திரத்துக்குப் பின் இந்திய அரசின் காசநோய் ஆலோசகர் ஆனார். 1948-ல் நம் நாட்டில் பி.சி.ஜி. தடுப்பூசி முதன்முதலில் சோதனை முறையில் போடப்பட்டது மதனப்பள்ளியில்தான். கிண்டியில் தடுப்பூசித் தயாரிப்புக் கூடமும் அந்த ஆண்டிலேயே வந்தது. எல்லோரும் வரவேற்றார்கள் என்று சொல்ல முடியாது. ராஜாஜி 1955-ல் பி.சி.ஜி.யை எதிர்த்து ஒரு சிறு நூலே எழுதினார். ஊசி உண்மையில் எவ்வளவு காக்கிறது என்று அளந்து பார்ப்பதுதான் அதற்கு நேர்மையான பதில்.

அந்த அளவையை ஃப்ரிமோட் மோல்லரின் மகன் யோஹான்னஸ் செய்தார். 1950 முதல் மதனப்பள்ளி சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்து, எக்ஸ்ரே எடுத்தார்கள். முக்கியமாக, ஒரு முறையோடு விடவில்லை. அதே கிராமங்களுக்கு மறுபடியும் போனார்கள். யாருக்குப் புதிதாக நோய் வந்தது, யார் தேறினார், யார் இறந்தார் என்று எழுதினார்கள். மதனப்பள்ளியின் கணக்குகளை உலக சுகாதார நிறுவனத்தின் ஏடு வெளியிட்டது. பின்னர் 1968-ல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்கு அந்த ஊசி போடுகிறார்கள்.

இன்னொன்றும் நடந்தது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில் 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு அவரவர் நெருக்கடியான வீட்டிலும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. சானடோரியங்களின் தேவையே போயிற்று. தாம்பரம் சானடோரியம் இன்று பலருக்கு மின்சார ரயில் நிற்கும் ஸ்டேஷன் பெயர். ஆரோக்கியவரம் பொது மருத்துவமனையாக மாறி, ஆரோக்கியவரம் மெடிக்கல் சென்டர் என்ற பெயரில் நடக்கிறது. காற்றுக்காகத் தேர்ந்தெடுத்த மலையும் வராந்தாக்களும் இனி அவசியமில்லை என்று ஆனபோது, வருகிற நோயாளிக்கு எது நல்லதோ அதற்கு இடம் கொடுத்தார்கள். தான் கட்டியதை அப்படி விட்டுக்கொடுப்பது எளிதல்ல. மீட்டர் கேஜைப் பிடுங்கி அகலப்பாதை போட்டபோது எங்களில் சிலருக்கே கண் கலங்கியது.

சிகிச்சை வீட்டுக்கு வந்துவிட்டதால், திரும்பிப் போய்ப் பார்க்கும் பொறுப்பும் வார்டிலிருந்து தெருவுக்கு வந்துவிட்டது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இன்றும் நம் நாட்டவர். சாதாரணக் காசநோய்க்கு இப்போது 6 மாதச் சிகிச்சை. முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று. அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் போட்டார்கள். 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளியின் வீட்டாருக்கும் சேர்த்து உணவுப் பொருள் கொடுத்தால் அந்த வீட்டில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. அரிசி, பருப்பு, பால் பவுடர் போன்றவைதான்.

2022 முதல் 'நிக்ஷய் மித்ரா' என்ற திட்டம் இருக்கிறது. தனி நபரோ சங்கமோ கோயிலோ பதிவு செய்துகொண்டு, சம்மதம் தரும் நோயாளிக்குக் குறைந்தது 6 மாதம் உணவுப் பொருள் கொடுக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாவட்டக் காசநோய் அலுவலகத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள். எங்கள் சபையில் சிலர் இதைச் செய்கிறோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை பையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது மாத்திரை அட்டையையும் காட்டச் சொல்வோம். சம்மதித்தால் மட்டும் பெயர் சொல்லி ஜெபிப்போம். பார்த்துக்கொள்ளும் வீடுகளில் ஒன்றில் எங்களுக்கு முன்பே பக்கத்து வீட்டு அம்மா தினமும் மாத்திரை நேரத்துக்குக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு வாசலில் திருநாமம் வரைந்திருக்கும். தட்டிலே பிரசாதமும் டம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்து, அந்தப் பையன் மாத்திரையை விழுங்கும் வரை நின்றுவிட்டுத்தான் போவார்.

வரும் சங்கக் கூட்டத்தில் இதற்காக ஒரு பதிவேட்டைத் திறக்கலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். பெயர் கொடுப்பவர்கள் பணத்தோடு மாதம் ஒரு சனிக்கிழமையையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.